முன் சக்கரத்தின் பளபளப்பு

கவலைப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த பிளாட்டில், அப்பா வேலை முடிந்து வரக் கொஞ்சம் தாமதமானாலே அம்மா வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அந்தக் குணம் நகையோடு சேர்ந்து எனக்கும் சீதனமாக வந்தது. இப்படிப்பட்டவள் போயும் போயும் பிரேக் இல்லாத சைக்கிளில் சுவர் போலச் சாய்ந்த பாதையில் ஓடுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

என் கணவர் ஓட்டுவது டீம் பர்சூட். நாலு பேர் ஓர் அணி. மரப்பலகை பதித்த வளையப் பாதையில், ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னவரின் பின் சக்கரத்துக்கும் தன் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை நுழைய இடமில்லாத நெருக்கத்தில், நாலு கிலோமீட்டர் ஓட வேண்டும். முன்னால் இருப்பவர்தான் காற்றைத் தாங்குகிறார். அவர் களைப்பதற்கு முன் வளைவில் மேலே ஏறி, மற்ற மூவரையும் கீழே போகவிட்டு, இறங்கி வந்து கடைசி ஆளோடு ஒட்டிக்கொள்வார். பிறகு அடுத்தவர் முறை. மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். அதனால் ஒருவர் நடுவில் கழன்றுகொண்டாலும் மற்ற மூவர் முடித்துவிடலாம். ஆனால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர்கள் அவர் மேலேயே விழ வேண்டியதுதான்.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் அவர் மிகுந்த ஆசையோடு எனக்கு விளக்கினார். நான் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். போட்டிக்கு முதல் நாள் இரவு டயர்களை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, சக்கரங்களைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவார். "ஒரு சொட்டு எண்ணெய் போதும் லா, நாலு பேரும் கீழதான்," என்பார், என்னவோ கடைக்குப் போய் வருவது மாதிரி.

நான் சொல்லப்போவது சென்ற ஆண்டு நீலாயில் நடந்த ஓர் அனைத்துலகப் போட்டியைப் பற்றி. நாட்டின் முதல் அணியில் அவர் இல்லை. போட்டி நம் ஊரில் நடந்ததால் இரண்டாவது அணி ஒன்றையும் இறக்கியிருந்தார்கள். அதில் ஐந்து பேர். ஓடுவது நாலு பேர், ஐந்தாமவர் மாற்று ஆள். முதல் நாள் தகுதிச் சுற்று, மறுநாள் மாலை பதக்கச் சுற்று. இரண்டு நாளும் ஒழுங்காக ஓடினால் முதல் அணியின் முகாமில் ஓரிடம் இருக்கிறது என்று கோச் இவரிடம் சொல்லியிருந்தார். இவருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அதை வாயால் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்பது என் பயம். அவருக்கு என்ன காரணமோ.

முதல் அணிக்கு மெக்கானிக்குகள் உண்டு. இரண்டாவது அணிக்காரர்கள் அவரவர் சக்கரத்தை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் அந்தச் சக்கரப் பை மேருவில் எங்கள் வீட்டில் இருந்தது. அதனால்தான் அது என் மாமனாரின் கண்ணில் பட்டது.

மாமா லோரி ஓட்டுகிறவர். மேரு தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றி இறக்க இரண்டு லோரி வைத்திருக்கிறார். சக்கரம் உள்ள எதுவும் பூஜை போடாமல் அவர் கேட்டைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளிக்கிழமை லோரியைக் கழுவுவார், சந்தனம் குங்குமம் வைப்பார், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும், கடைசியாக ஒரு பாட்டிலை எடுத்து டயரெல்லாம் கன்னங்கரேலென்று மின்னும்படி பூசிவிடுவார். டயர் ஷைன் என்கிற எண்ணெய்ப் பூச்சு. "புள்ளைய குளிப்பாட்டிட்டுப் பவுடர் போடாம அனுப்புவோமா?" என்பார். எனக்கு அந்த வாடையே ஆகாது. செயற்கையான பழவாசனை.

தகுதிச் சுற்று அன்று காலையில் இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். மாமியார் நாத்தனாரின் பிரசவத்துக்காக ஜோகூர் போயிருந்ததால் அடுப்படி முழுக்க என் பொறுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது போர்ச்சில் மாமா முன் சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் உருட்டிக்கொண்டிருந்தார். சரி, மகன் நன்றாக இருக்கட்டும் என்று செய்கிறார், பழச்சாறுதானே, காய்ந்துவிடும் என்று நினைத்தேன். அடுப்பில் ஓட்ஸ் பொங்கியதால் திரும்பிக்கொண்டேன். மாமா திரும்ப மூடி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு இவர் முன்னால் கிளம்பிவிட்டார். நானும் மாமாவும் பின்னால் வேனில் போனோம்.

வெலோட்ரோம் என்கிற அந்தச் சைக்கிள் அரங்கில் எங்கள் இருக்கைகள் மேலே, வளைவை ஒட்டி இருந்தன. மாமா அங்கே வருவது அதுவே முதல் தடவை. மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு, லோரி ஷெட்டில் பேசுகிற குரலில் எல்லோரிடமும் "அதா, அந்த ரெண்டாவது ஆளு, நம்ம பையன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே அணி அணியாக ஓடி முடித்தார்கள். இவர்கள் முறை வந்ததும் பழைய சக்கரங்களைக் கழற்றிப் போட்டிச் சக்கரங்களை அவசரமாக மாட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்கு வந்தார்கள். ஒருவரின் சைக்கிளை, நேரம் வந்ததும் விடுவிக்கும் இயந்திரம் கவ்விக்கொண்டது. மற்ற மூவரின் சைக்கிளை ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா என் பக்கம் குனிந்தார். "பாத்தியாம்மா, நாலு பேர்ல நம்ம டயருதான் மின்னுது."

"எது மாமா?"

"முன் டயரு. காலையில நல்லா ரெண்டு கோட் பூசி விட்டேன். லோரிக்குப் பூசறதுதான். சும்மா பளபளன்னு இருக்கு பாரு."

சட்டென்று எழுந்தேன். "டாய்லெட்டா?" என்று மாமா கேட்டது பின்னால் கேட்டது.

மைதானத்துக்குள் போக ஒரே வழி பாதைக்கு அடியில் போகும் சுரங்கம்தான். படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வாயிலில் இருந்த மலாய்க் காவலர் கையை நீட்டி மறித்தார். "கக்கா, தாக் பொலே." அக்கா, உள்ளே விட முடியாதாம். சைக்கிளில் எண்ணெய் இருக்கிறது, என் கணவர் விழுந்துவிடுவார், நிறுத்தச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். மனிதர் நல்லவர். வாக்கி டாக்கியை எடுத்து யாரையோ கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் நேரம் எண்ணும் கருவியின் பீப் ஒலி கேட்டது. பிறகு எங்கள் தலைக்கு மேல் பலகைகள் அதிர ஆரம்பித்தன.

திரும்ப ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவேதான் நின்றிருப்பேன். நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டாவது. இவருக்குப் பின்னால் இருவர், ஒரு கை நுழையாத இடைவெளியில். அந்த இருவரின் அம்மாமார்களும் இதே கூட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது.

இவர் முறை முடிந்து வளைவில் மேலே ஏறினார். மூவரும் கீழே கடந்தார்கள். இறங்கி வந்து கடைசி ஆளோடு சேரும் இடத்தில் முன் சக்கரம் ஒரு துள்ளு துள்ளி விலகியது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. மாமாகூடக் கை தட்டிக்கொண்டிருந்தார். இவர் உடம்பு ஒரு கணம் விறைத்து, பிறகு நேரானதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவும் எனக்கு ஒரு பிரசவம். மறுபடியும் அவர் முன்னால் வரும் முறை வந்தது. வழக்கத்தைவிட நீளமாக, பைத்தியம் பிடித்தவர் போல இழுத்தார். பிறகு மேலே ஏறினார். மூவரும் கீழே கடந்து போனார்கள். இவர் இறங்கவே இல்லை. மேலேயே, எங்கள் கம்பியை ஒட்டி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பாதித் தூரம்கூட முடியவில்லை.

"என்னாம்மா ஆச்சு? ஏன் நின்னுட்டான்?" மாமா எழுந்துவிட்டார்.

மிச்சத்தை மூவரே ஓடி முடித்தார்கள். மூன்றாவது ஆள் கோட்டைத் தாண்டும்போது தலையைத் தூக்க முடியாமல் இருந்தார். அப்படியும் நாலாவது இடம் கிடைத்தது. மறுநாள் மூன்றாம் இடத்து அணியோடு வெண்கலத்துக்கு ஓடலாம். அரங்கம் கத்தியது. நான் உட்கார்ந்து அழுதேன். விழவில்லை என்பதற்காக மட்டும்தான் அழுதேன்.

சுரங்க வாயிலில் இவர் வெளியே வந்தபோது நான் தனியாக இருந்தேன். மாமாவைக் காபி வாங்க அனுப்பியிருந்தேன். இவர் விரல்களை என் மூக்கருகே நீட்டினார். அந்தப் பழவாசனை.

"தொடச்சிட்டேன். யாரும் பாக்கல," என்றார்.

"கோச்சுகிட்ட என்ன சொன்னீங்க?"

"கால் செத்துப் போச்சுன்னு சொன்னேன். நாளைக்கு அஞ்சாவது ஆளப் போடறாரு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "நீ என்ன லூசா? உள்ள போய் உண்மையச் சொல்லு! இல்லாட்டி நான் சொல்றேன்." கோபம் வந்தால் என் வாயில் மரியாதை நிற்காது.

"சொன்னா யாரு பூசினதுன்னு கேப்பாங்க. அப்பா மேல உக்காந்துகிட்டு எல்லாருக்கும் கோழிப் பிரட்டல் குடுத்துக்கிட்டு இருந்தாரு. அவரால புள்ள விழப் பாத்தான்னு தெரிஞ்சா அவரு அப்புறம் லோரியத் தொடுவாரா? வேணாம். விடு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு ரவுண்டு போயிருந்தா தானா தேஞ்சிருக்கும். ஆனா முன்னுக்கு மூணு பேரு போறாங்க. அவங்கள வச்சு டெஸ்ட் பண்ண முடியாதுல்ல."

அந்த மூன்று பேரைப் பற்றி அவர் சொன்னபோது பெருமையாக இருந்தது. அதே மூச்சில் அவரை ஓர் அறை விடவும் தோன்றியது. இரண்டும் உண்மை.

வீடு திரும்பும் வழியில் மாமா வேனை ஓட்டினார். இவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிள்ளான் நெருங்கும்போது மாமா என் பக்கம் திரும்பினார்.

"காலையில அவனுக்குப் பசியாற என்னா குடுத்தே?"

"ஓட்ஸ் மாமா."

"ஓட்ஸு! அது குதிர திங்கறதும்மா. நாலு இட்லி, ரெண்டு முட்ட குடுத்திருந்தா கால் ஏன் சாவுது? பங்சார்ல உங்க டாக்டரு சொல்லுவாரு, பல்லுக்கு நல்லதுன்னு. காலுக்கு?"

நான் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு எப்போதும் ஒரு கேலி. வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு நானும் ஒன்று கொடுத்திருப்பேன். அன்று நாக்கு நுனிவரை வந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு முழங்கால் என் இருக்கையை மெல்ல இடித்தது. "நாளையிலேருந்து இட்லி போடறேன் மாமா," என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் விழுங்கியவற்றில் அதுதான் பெரியது.

மறுநாள் மாலை மூவருமாகப் போனோம். இவர் அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஓடாத ஆளாக. கார் நிறுத்துமிடத்தில் நான் தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணவில்லை.

நாலு கார் தள்ளி, திறந்திருந்த ஒரு காரின் பின்பெட்டிக்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அது இவருக்குப் பதிலாக ஓட இருந்த மலாய்க்காரரின் கார். அந்த இளைஞர் சக்கரங்களை அப்போதுதான் இறக்கி வைத்துவிட்டு, காலணியை மாட்டியபடி மாமாவின் பேச்சுக்கு மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமாவின் ஒரு கையில் முன் சக்கரம். மறு கையில் ஈரத் துணி. பக்கத்தில் பாட்டில்.

இவர் ஓடினார். பந்தயத்தில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டார். சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"டேய், என்னாடா? பூசத்தானே போறேன். நீ ஓடலன்னா என்ன, ஓடற நாலு பேரும் நம்ம புள்ளைங்கதானே."

"வேணாம்ப்பா. அவங்க டயரு வேற கம்பெனி. இது சேராது."

"என்னா சேராது? நேத்து உனக்குப் போட்டேனே!" பிறகு மாமா அந்த இளைஞரிடம் திரும்பி, நேற்று இவன் டயருக்கும் நான்தான் பூசினேன், எப்படி மின்னியது பார்த்தாயா என்று மலாயில் பெருமையாகச் சொன்னார்.

இளைஞரின் சிரிப்பு நின்றுவிட்டது. துணியைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மாமா அவரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். லோரித் தொழிலில் இத்தனை வருஷம் ஆட்களைப் படித்தவர் அவர்.

"என்னாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்.

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சொன்னேன்.

"மாமா, லோரி டயருக்கு எங்க பூசுவீங்க?"

"பக்கத்துல."

"ரோட்டத் தொடற இடத்துல?"

"அங்க எவனாவது பூசுவானா? வழுக்காது?" சொல்லி முடிப்பதற்குள்ளேயே குரல் இறங்கிவிட்டது. மகனின் கையில் இருந்த சக்கரத்தை, விரல் பருமனே உள்ள அந்த உருண்டை டயரைப் பார்த்தார். அதற்குப் பக்கம் எது, மேல் எது?

"அப்ப நேத்து கால் இல்லையா?"

"இல்லப்பா."

"விழுந்திருந்தா?"

மாமா எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நான் கை கொடுத்தேன். "கோச்ச எனக்குக் காட்டு," என்றார்.

சுரங்க வாயிலுக்குக் கோச் வந்தார். மாமா தன் மலாயில், கைகளைக் கட்டிக்கொண்டு, தப்பு முழுவதும் தன்னுடையது, பையனின் கால் நன்றாகத்தான் இருக்கிறது, அவனுக்கு இடம் கொடுங்கள் என்று சொன்னார். யாரிடமும் கையைக் கட்டி நின்று நான் அவரைப் பார்த்ததில்லை. கோச் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். மாமாவின் தோளில் கை வைத்தார். பிறகு என் கணவரிடம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. இன்றைக்குப் பெயர்கள் கொடுத்தாகிவிட்டது. முகாம் இடத்தைப் பற்றியும் இனி பேச வேண்டாம். டயரில் எண்ணெய் பட்டது யாருக்கும் நடக்கலாம். ஆனால் அதை மறைத்துவிட்டுக் கால் என்று சொன்ன ஒருவருக்குப் பின்னால் நான் எப்படி மூன்று பேரை ஓடவிடுவது?

இவர் தலையை மட்டும் அசைத்தார். மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது.

"என்னாம்மா சொல்றாரு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்றாரு மாமா," என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை.

"இல்லப்பா," என்றார் இவர். "இடம் போச்சுன்னு சொல்றாரு. நான் பொய் சொன்னதால போச்சு. நீங்க பூசினதால இல்ல."

மூவரும் மேலே போய் உட்கார்ந்தோம். ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். இனி இவர் அந்தச் சாய்ந்த சுவரில் ஏற மாட்டார் என்ற எண்ணம் வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதியின் மேல் வெறுப்பாக இருந்தது.

பீப் ஒலித்தது. பதக்கச் சுற்றில் இரண்டு அணிகள், பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து. நேற்று பேசிய பேச்சில் ஒரு துளிகூட மாமாவிடம் இல்லை. மகனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நம் ஆட்கள் முதல் வளைவைத் தாண்டினார்கள்.

"யாரும் விழலையேம்மா? எல்லாரும் நிக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க மாமா."

அடுத்த சுற்றிலும் கேட்டார். அதற்கடுத்த சுற்றிலும். யாராவது மேலே ஏறி இறங்கும்போதெல்லாம் கூட்டம் சத்தம் போடும். உடனே அவர் விரல்கள் இறுகும். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். எதிரணி முன்னேறிக்கொண்டே போனது. வெண்கலம் கையைவிட்டுப் போவது தெரிந்தது. கடைசிச் சுற்றின் மணி அடித்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள், முடிந்தது. யார் ஜெயித்தது என்று மாமா கேட்கவில்லை.

"அந்த மலாய்ப் பையன்?"

"நிக்கிறாரு மாமா. நாலு பேரும் நிக்கிறாங்க."

"நல்லா பாத்துச் சொல்லு," என்றார். மகனின் கையை அவர் இன்னும் விடவில்லை.